உறிஞ்சுவாய்

சொறிமீன் வந்த வருஷம் என்று சொன்னால்தான் துறைமுகத்தில் இன்றைக்கும் ஆட்களுக்கு அந்த வருஷம் விளங்கும். எல்லா வருஷமும் வருவதுதான். காற்று விழுந்து, கடல் எண்ணெய் ஊற்றினாற்போல அசையாமல் கிடக்கும் வெயில் நாட்களில் ஒன்றிரண்டு கூட்டம் கரையோரம் ஒதுங்கும். பிள்ளைகள் குச்சியால் குத்திப் பார்க்கும். காற்று திரும்பியதும் போய்விடும். அந்த வருஷம் வந்தவை போகவே இல்லை. கண்ணாடிக் குடைகளைக் கவிழ்த்துப் பரப்பியதுபோல் தண்ணீரே தெரியாமல் மிதந்தன. வலை போட்டவர்கள் தூக்க முடியாமல் வலையை அறுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

வலைக்காரர்களைவிட அதிகம் திண்டாடியது தண்ணி கம்பெனி. வாசலில் அதற்கு ஏதோ நீளமான பெயர் எழுதியிருந்தது, யாரும் அதைச் சொல்வதில்லை. கடல்நீரை இழுத்து, மணலில் வடித்து, பிறகு சவ்வு பொதிந்த குழாய்களுக்குள் பெரிய அழுத்தத்தோடு தள்ளி, உப்பை ஒரு பக்கமும் நல்ல தண்ணீரை ஒரு பக்கமுமாகப் பிரிப்பார்கள். நல்ல தண்ணீர் கப்பல்களுக்குப் போகும். மிச்சம் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களுக்கு வரும். தோண்டினால் உப்பைத் தவிர வேறெதுவும் ஊறாத இடம் அது. அலைத்தடுப்புச் சுவரின் நுனியில், கடலுக்கடியில், ஆள் உயரத்துக்கு ஒரு குழாய் வாய் பிளந்து கிடக்கும். அதன் மேல் இரும்புக் கம்பிச் சல்லடை. அதற்குப் பெயர் உறிஞ்சுவாய். சிப்பி ஒட்டினாலும், பாசி படிந்தாலும், சொறிமீன் அடைத்தாலும் அதற்கு மூச்சு முட்டும். உடனே நீர்க்காகத்துக்கு ஆள் அனுப்புவார்கள்.

நீர்க்காகம் என்பது அவனுக்குத் துறைமுகம் வைத்த பெயர். கறுத்து ஒல்லியாக, கழுத்து நீண்டு இருப்பான். முங்கி ஏறியதும் படகு விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அகல விரித்து வெயில் காய்வான். அந்தக் கோலத்தைப் பார்த்த யாரோ வைத்த பெயர். கோபம் வந்தால் பெற்ற அம்மாவே அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவாள்.

சுங்கக் கிடங்குகளுக்குப் பின்னால் இரண்டே அறை உள்ள வீடு. நீர்க்காகம், அவன் மனைவி, அவன் அம்மா, மனைவியின் தம்பி என்று நாலு பேர். மனைவி தார்ப்பாய் தைக்கிறவள். சரக்கு மூடுகிற கனத்த தார்ப்பாய்களைக் கொட்டகைத் தரையில் விரித்து, உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு, விரல் நீள ஊசியால் ஓரம் அடிப்பாள். தெருவில் அவளுக்குத் தார்ப்பாய்க்காரி என்றே பெயர். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். "கல்யாணத்துக்கு எம் மருமக கொண்டுவந்தது பெட்டி ஒண்ணு, தம்பி ஒண்ணு" என்று மாமியார் கேலி பேசுவாள். பேசினாலும் மீனில் நடுத்துண்டு அந்தத் தம்பிக்குத்தான் விழும். நீர்க்காகம் சொல்லித்தான் தம்பிக்காரனுக்குத் தண்ணி கம்பெனியில் வேலை கிடைத்தது. பம்புகளின் சுவிட்சுப் பலகை இருக்கும் அறையில் உட்காருவான்.

அந்த வாரம் மாட்டுக் கப்பல் ஒன்று வந்து நின்றது. தூர தேசத்துக்கு உயிரோடு மாடுகளை ஏற்றிப் போகிற அடுக்குமாடிக் கப்பல். எஞ்சின் கோளாறு. ஒதுங்கிய இடத்தில் தண்ணீர் தீர்ந்துபோனது. கம்பெனியோ சொறிமீன் அடைத்து மணிக்கொரு தரம் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. தாகத்தில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. ஒரு மாடு கத்தினால் மாடு கத்துகிறது என்று இருக்கலாம். ஒரு கப்பல் மாடு கத்தினால் சோறு இறங்காது.

"காதுல பஞ்சு வச்சாலும் கேக்குதே" என்றாள் மாமியார், காலையில் தேநீர் ஆற்றிக்கொண்டே. "பாவம், அதுங்க என்ன பண்ணும். தண்ணி இல்லாம நாக்கு வறண்டு நிக்குது."

"அதுக்குத்தானே உம் பிள்ளை போறான்" என்றான் நீர்க்காகம். மேலெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். சொறிமீன் பட்டால் தடித்துப்போகும். முங்குவதற்கான ரப்பர் சட்டை போட்டாலும் கழுத்தும் மணிக்கட்டும் வெளியேதான் இருக்கும். நேற்று பட்ட இடம் சாட்டையடி மாதிரி சிவந்திருந்தது.

"கடல்ல இருக்கற குப்பையெல்லாம் நீயேதான் வாரணுமா? உனக்கு என்ன, அது மாமியார் வீடா?"

"மாமியார் வீடா இருந்தா நடுத்துண்டு கிடைச்சிருக்குமே. இங்கதான் அதுவும் மாப்பிள்ளைக்குப் போயிடுது."

தம்பிக்காரன் சிரித்தான். தார்ப்பாய்க்காரி வறுத்த மீனை ரொட்டியோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "என்னங்க, மதியம் கண்டிப்பா ஏறி சாப்பிடுங்க. நேத்து அப்படியே திரும்பி வந்துச்சு" என்றாள். சரி சரி என்று கிளம்பினான். மாமனும் மச்சினனும் ஒரே சைக்கிளில் போனார்கள். மாமன் மிதிக்க, தம்பிக்காரன் பின்னால்.

உறிஞ்சுவாயில் ஆள் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பம்பை நிறுத்த வேண்டும். பிறகு முங்குகிறவனே சுவிட்சுப் பலகைக்கு வந்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அவன் ஏறி வந்து திறக்கும்வரை யாரும் பம்பைப் போட முடியாது. நீர்க்காகம் இத்தனை வருஷத்தில் பூட்டாமல் இறங்கியவன் இல்லை. அன்றைக்குக் காலையும் பூட்டித்தான் இறங்கினான். தகடு வைத்த கைக்கோலால் வழித்து, கம்பி இடுக்கில் சிக்கியதை விரலால் பிடுங்கி, சல்லடையைச் சுத்தம் செய்து மதியம் ஏறினான். பூட்டைத் திறந்துவிட்டான். பம்பு ஓடியது. அவன் படகுக்குத் திரும்பிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மறுபடியும் அடைத்து நின்றுபோனது.

அப்புறம் நடந்தது என்ன என்பதைத் துறைமுகத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். தார்ப்பாய்க்காரிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தைத்துக்கொண்டிருந்த கொட்டகை வாசலில் நீர்க்காகத்தை ஏற்றிப் போகும் படகுக்காரர் வந்து நின்றார். ஈர உடம்போடு, செருப்பில்லாமல். அவள் ஊசியைத் தார்ப்பாயில் குத்திவிட்டு எழுந்தாள். ஊசியைக் குத்தி வைக்கிற அளவுக்கு அவளுக்கு நினைவு இருந்தது. பிறகு ஒன்றும் நினைவில்லை.

பம்பு ஓடியிருக்கிறது. சல்லடை அவனை இழுத்து அணைத்துக்கொண்டது. படகுக்காரர் கத்திய கத்தலில் நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மார்பிலும் கன்னத்திலும் கம்பி பதிந்த வரிகள் இருந்தன. மாமியார் அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். அழவில்லை. தம்பிக்காரன் வாசலோடு நின்றுவிட்டான். யார் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அன்று மாலைக்குள் வேறு ஆளை இறக்கி அடைப்பை எடுத்து, கப்பலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள். வீட்டில் சாவு விழுந்த அன்றைக்குத்தான் முதல்முறையாக மாடுகள் கத்தவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, தார்ப்பாய்க்காரி ஒரு தம்ளர் தண்ணீரை மாமியார் முன்னால் வைத்தாள். அவள் அதை நகர்த்தினாள்.

"இது எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான் அத்தை."

"எம் பிள்ளையைக் குடிச்ச தண்ணியை நான் குடிக்க மாட்டேன்."

கோபத்தில் சொல்கிறாள், நாக்கு வறண்டால் குடித்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குடிக்கவில்லை. கிடங்குகளுக்கு அப்பால், இடிந்த குதிரை லாயத்துப் பக்கம் பழைய கைப்பம்பு ஒன்று இருந்தது. துணி அலசக்கூட யாரும் அதை அடிப்பதில்லை, அவ்வளவு உப்பு. முட்டி வலியோடு குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் அடித்தாள். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பிக்காரன் பார்த்துவிட்டு, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து குடத்தை வாங்கினான். அன்றிலிருந்து அவன்தான் தினமும் தூக்கினான். வேலைக்குப் போகுமுன் ஒரு குடம், வந்த பிறகு ஒரு குடம்.

"இதைக் குடிச்சா கால் வீங்குது அத்தை. டாக்டர் என்ன சொன்னார்? உப்பே ஆகாதுன்னார்ல?" என்று மருமகள் மன்றாடினாள்.

"வீங்கட்டும். நடந்து எங்க போகப்போறேன்?"

தம்பிக்காரன் குடத்தை இறக்கி வைக்கும்போதெல்லாம் அவள் அவன் தலையைத் தடவுவாள். "எம் பிள்ளை போனாலும் உன்னை விட்டுட்டுப் போயிருக்கான்ப்பா. அந்த மட்டும் பகவான் கண்ணைத் திறந்தார்." அவன் அந்தக் கைக்குக் கீழே குனிந்தபடியே நிற்பான். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பான். ஆள் பாதியாகிவிட்டான். மாமன் மேல் உயிரையே வைத்திருந்தான், அதனால்தான் என்றார்கள் தெருவில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கொட்டகையில் தனியாக இருந்தாள். அவசர வேலை. மடித்த தார்ப்பாய்மேல் அவன் வந்து உட்கார்ந்தான். அவள் தைப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா. பம்பைப் போட்டது நான்தான்."

"அது தெரியும்டா. நீதானே அந்த ரூம்ல இருந்தே. சூப்பர்வைசர் சொன்னான், போட்டே. நீ என்ன பண்ணுவே?"

"அது இல்லக்கா." "மாமா படகுலேர்ந்து எனக்கு போன் பண்ணினார். படகுக்காரர் பின்னால எஞ்சின்கிட்ட இருந்தாராம், அவர் காதுல விழல. மறுபடியும் இறங்கறேன், சுவர் மேல அவ்வளவு தூரம் நடந்து வந்து பூட்டிட்டுப் போக நேரமில்ல, மாடு கத்தறது காதைக் குடையுது, ஒரு கை வழிச்சுட்டு வந்துடறேன்னார். நான் சொல்ற வரைக்கும் தொடாதேன்னார். என்கிட்ட சொன்னார். என்கிட்ட மட்டும்தான் சொன்னார்."

அவள் ஊசி நின்றது.

"சூப்பர்வைசர்கிட்ட நான் சொன்னேன், ஆள் உள்ள இருக்கார்னு. அவன் ஜன்னல்ல எட்டிப் பார்த்தான். படகுக்காரர் கையை ஆட்டிக்கிட்டு நிக்கறார். பாரு, ஏறிட்டான்னு சைகை காட்டறாங்க, போடுன்னான். படகுக்காரர் கிட்ட வந்த ஒரு லாஞ்சுப் படகை விலகிப் போகச் சொல்லிக் கையாட்டியிருக்கார். எனக்குத் தெரியாது. ஆனா மாமா கூப்பிடலையேன்னு எனக்குத் தெரியும்க்கா. போன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. ஒரு தடவை அடிச்சுப் பார்த்திருக்கலாம். அவன் கத்தறான். துறைமுக ஆபீஸ்லேர்ந்து அவன்மேல கத்தறாங்க. மாடு கத்துது. போட்டுட்டேன்."

கொட்டகைத் தகரத்தில் வெயில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. அவனை அடிக்க வேண்டும் என்று தன் கை எழுந்ததாகவும், இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளையை எங்கே அடிப்பது என்று தெரியாமல் கை இறங்கிவிட்டதாகவும் பிற்பாடு படகுக்காரர் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

"போலீஸ்ல என்ன சொன்னே?"

"சூப்பர்வைசர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். மறுபடியும் இறங்கினது ரூம்ல யாருக்கும் தெரியாது, யார்கிட்டயும் சொல்லாம, பூட்டாம இறங்கிட்டார்னு."

"அப்போ அவர் மேலதான் தப்பு."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அத்தைகிட்ட மட்டும் சொல்லாதே" என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அவங்களுக்கு இப்போ உன்னை விட்டா ஆளில்ல. எனக்கும் இல்ல. வாயை மூடிக்கிட்டு குடத்தைத் தூக்கு. வேற ஒண்ணும் எனக்குத் தோணல."

அப்படியே நாட்கள் போயின. காற்று திரும்பியது, சொறிமீன் போனது. மாட்டுக் கப்பலும் போனது. மாமியாருக்குக் கால் வீங்கி, முகமும் கொஞ்சம் ஊதியது. அவள் நிறுத்தவில்லை, அவனும் தூக்குவதை நிறுத்தவில்லை. ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் தட்டு நகர்த்திக்கொண்டார்கள்.

துறைமுக அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். மாமியார் வருவேன் என்றாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? படகுக்காரரும் மருமகளும் இரண்டு பக்கமும் தாங்கி மாடிப்படி ஏற்றினார்கள். நீளமான மேஜை, சுற்றாத மின்விசிறி, சுவரில் கப்பல் படங்கள். விசாரணை அதிகாரி நல்ல மாதிரியான ஆள்தான். நாற்காலி போடச் சொன்னார். பிறகு, நிதானமாக, இறந்தவர் பாதுகாப்பு முறையைப் பின்பற்றவில்லை, தகவல் சொல்லாமல் பூட்டுப் போடாமல் இறங்கியிருக்கிறார், அவருடைய கவனக்குறைவே காரணம் என்று தெரிகிறது என்றார்.

"கவனக்குறைவுன்னா என்னய்யா?" என்று கேட்டாள் மாமியார்.

அவர் தயங்கினார். "அவசரப்பட்டுட்டார்மா. யார்கிட்டயும் சொல்லலை."

"எம் பிள்ளை சொல்லாம எங்கயும் போனதில்லைங்க. பக்கத்துக் கடைக்குப் போனாலும் அம்மா போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போறவன். வயசு இவ்வளவு ஆகியும் சொல்லிட்டுத்தான் போவான். நீங்க வேற எதை வேணாலும் எழுதிக்குங்க. சொல்லாம போனான்னு மட்டும் எழுதாதீங்க."

சூப்பர்வைசர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது சுவரோரம் நின்றிருந்த தம்பிக்காரன் முன்னால் வந்தான். தார்ப்பாய்க்காரிக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"சொன்னாருங்க. என்கிட்ட சொல்லிட்டுத்தான் இறங்கினார். நான்தான் பொய் சொன்னேன்" என்றான். பிறகு கொட்டகையில் அக்காவிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான்.

மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "ஏம்மா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். படி இறங்கும்போது மருமகள் பிடித்த கையை விலக்கிவிட்டுப் படகுக்காரர் தோளை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

வீடு சேர்ந்து உட்கார்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எத்தனை குடம் அவன் கையால வாங்கிக் குடிச்சேன். நீ பார்த்துக்கிட்டு இருந்தே."

"எனக்கு ரெண்டு பேரும் வேணும் அத்தை. வேற என்ன பண்றதுன்னு தெரியல."

அன்று சாயங்காலம் குடம் காலியாக இருந்தது. யாரும் தூக்கவில்லை. கைப்பம்பு வரை போக அவளுக்குத் தெம்பும் இல்லை. மருமகள் குழாயில் பிடித்து, காய்ச்சி, ஆற்றி, பக்கத்தில் வைத்தாள். நெடுநேரம் கழித்து மாமியார் அதை எடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அப்போதுதான், அவன் செத்த பிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள். தெருவே கேட்டது.

சூப்பர்வைசரையும் தம்பிக்காரனையும் பிடித்துப் போனார்கள். சூப்பர்வைசர் சீக்கிரமே வெளியே வந்து வேறு துறைமுகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்குச் சொல்ல ஆள் இருந்தது. தம்பிக்காரனுக்குப் படகுக்காரர்தான் அலைந்தார். தார்ப்பாய்க்காரி வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்தால் மாமியார் எதுவும் கேட்கமாட்டாள்; போகும்போது தடுக்கவும் மாட்டாள். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஜாமீன் கிடைத்து அவன் வந்தது ஒரு மத்தியான நேரம். தெருமுனையில் நின்றவன் வீட்டுக்கு வரவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். அவள் சுவரோடு சாய்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சோறு போட்டுக் குடு. வாசப்படியில உக்காந்து சாப்பிடட்டும். உள்ள கூப்பிடாதே. எம் மூஞ்சியில முழிக்க வேணாம்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். தலை மொட்டையடித்தமாதிரி ஒட்ட வெட்டியிருந்தது. அக்கா தட்டை வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை. உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம், கீரைக் காம்பு ஒடிகிற சத்தம் நின்றது.

"அவன்கிட்ட கேளு" என்றாள் மாமியார் மருமகளிடம். பிறகு அவளே நேராகக் கேட்டாள், திரும்பாமல். "போன்ல எம் பிள்ளை என்ன சொன்னான்? அப்படியே சொல்லு. ஒண்ணும் விடாத."

"மறுபடியும் இறங்கறேன்னார் அத்தை..."

"அது ஆபீஸ்ல சொன்னே. அவன் பேசின மாதிரி சொல்லு."

அவன் தட்டைக் கீழே வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். "'மாப்ள, சாப்பாட்டைப் பிரிச்சேன், அதுக்குள்ள அடைச்சிடுச்சு பாரு. உங்கக்காகிட்ட சொல்லாதே, திட்டுவா. நடந்து வந்து பூட்ட நேரமில்ல, மாடு கத்தறது காதைக் குடையுது. ஒரு கை வழிச்சுட்டு வந்துடறேன். நான் சொல்ற வரைக்கும் தொடாதே. என்ன?' அப்படின்னார். நான் சரி மாமான்னேன். அப்புறம் சிரிச்சார். 'தண்ணி இன்னிக்கு வெதுவெதுன்னு இருக்கு மாப்ள, ஏறி வரவே மனசில்ல' அப்படின்னார். வச்சுட்டார்."

தார்ப்பாய்க்காரி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"வெதுவெதுன்னா?" என்று கேட்டாள் மாமியார்.

"ஆமா அத்தை."

"குளுருதுன்னு சொல்லலையே?"

"இல்ல அத்தை. சிரிச்சார்."

"எப்படிச் சிரிச்சான்?"

அவனால் அதைச் செய்துகாட்ட முடியவில்லை. முயன்றான். அழுகையாக வந்தது.

"சரி, அழாத" என்றாள் அவள். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "முதல்லேர்ந்து சொல்லு. மெதுவா சொல்லு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, சாப்பாட்டைப் பிரிச்சேன்" என்று மறுபடியும் ஆரம்பித்தான்.